அவிட்டம் பிறக்கும் வரை

சாகக் கிடக்கிற மனிதனின் வாசலில் வந்து நின்று, எந்த நட்சத்திரத்தில் சாவாய் என்று கேட்கிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். போடியில், எங்கள் காம்பவுண்டிலேயே இருக்கிறார்கள்.

பெயர் கண்ணுச்சாமி. ஏலக்காய்க் கமிஷன் வியாபாரம். தெருவைப் பார்த்த மாடி வீடு அவருக்கு. அதன் பின்னால் தகரம் போட்ட ஆறு ஒற்றை அறைகள் எங்களைப் போன்றவர்களுக்கு. ஆறு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு குழாய், ஒரு கக்கூஸ். கடைசி அறையில் நானும் என் புருஷன் மகாராஜனும் மகள் பவதாரணியும் நாலு வருடமாகக் குடியிருந்தோம். பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அவருடைய அப்பா அவருக்கு வைத்துவிட்டுப் போனது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அதற்கு முன்னால் மலையில் இருந்தோம். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் எங்களுக்கு லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், ஒரு வீடு. நான் காய் எடுப்பேன். அவர் மருந்தடிக்கிற ஆள். மூக்கை மறைக்க ஒரு துண்டு, காலுக்கு ஒன்றும் கிடையாது, அப்படியே வருடக்கணக்காக அடித்தார். பூச்சி செத்ததோ இல்லையோ, அவருடைய கிட்னி செத்துப்போனது. வேலைக்கு எழுந்திருக்க முடியாமல் படுத்த மாதமே தோட்டத்து சூப்பர்வைசர் லயத்து வாசலில் வந்து நின்றான். "பணியில்லாத்தவனு லயம் இல்லா" என்றான் மலையாளத்தில், வேலை இல்லாதவனுக்கு வீடு இல்லையாம். சட்டி பானையைச் சாக்கில் கட்டி, ஆள் ஏற்றி வந்த ஜீப்பிலேயே கீழே இறங்கினோம். அந்த ஜீப் வளைவு வளைவாக இறங்கும்போது, இனி ஒருத்தன் என்னை இப்படித் துரத்தக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். சொன்னால் போதுமா?

போடியில் இருந்து விடியற்காலை ஜீப்பில் மலையேறி, காய் எடுத்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவேன். வாடகை ஒரு மாதம் தவறியதில்லை. இந்த வருடம் புரட்டாசியில் அவர் முழுதாகப் படுத்துவிட்டார். பெரியாஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மலைக்குப் போவதை விட்டுவிட்டு, பக்கத்து அறை ரோஜா கிடங்கிலிருந்து வாங்கி வரும் காயைப் பாதி வாங்கி, அவர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து பெரிசு, சிறிசு, வெடித்தது என்று பொறுக்கிக் கொடுத்தேன். காதில் கிடந்தது போனது. ரேஷன் அரிசிக் கஞ்சி மூன்று வேளைக்கும் போதும் என்று ஆனது.

அப்போதுதான் கண்ணுச்சாமிக்கு எங்கள் அறையின் மேல் கண் விழுந்தது. எங்கள் அறையையும் ரோஜாவின் அறையையும் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கினால் காய் பொறுக்கும் கிடங்காகும் என்று ஒரு வியாபாரி கேட்டிருக்கிறான். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். ரோஜா ஒண்டிக்கட்டை, ஒரு அதட்டலில் போய்விடுவாள் என்று கணக்கு. நாங்கள்தான் இடைஞ்சல்.

முதலில் மோட்டாரை நிறுத்தினார். தெருக்குழாயில் பிடித்துக்கொண்டோம். பிறகு எங்கள் அறையின் பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். தகரத்துக்குக் கீழே அந்தப் புழுக்கத்தில், மூச்சுக்கு அல்லாடுகிற மனிதனுக்கு விசிறி நின்றுபோனது. அட்டையால் விசிறிக்கொண்டே, இந்த ஆள் நல்லா இருக்கவே மாட்டான் என்று வாய்விட்டுச் சபித்தேன். இன்றைக்கும் அந்தச் சாபத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வேறு வீடு தேடாமல் இல்லை. தெருத் தெருவாகப் போனேன். எத்தனை பேர் என்று கேட்பார்கள், புருஷனுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். படுத்திருக்கிறார் என்று சொன்னதும் கதவு பாதி சாத்திக்கொள்ளும். சாகக் கிடக்கிறவனை வைத்துக்கொண்டு வந்தால் எவன் வீடு கொடுப்பான்? அவன் செத்த பிறகு தாலியறுத்தவளும் வயதுப் பிள்ளையும் வந்து நின்றால் எவன் கொடுப்பான்? பவதாரணி பன்னிரண்டாவது. பங்குனியில் பரீட்சை. அதுவரைக்கும் தலைக்கு மேல் இந்தத் தகரம் இருந்தால் போதும், வேறு எந்த வரமும் வேண்டாம் என்று இருந்தேன்.

ஒரு நாள் கண்ணுச்சாமியின் மனைவி சந்திரவல்லி, தினத்தாள் காலண்டரை ஆணியோடு கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே வரவில்லை. நிலைக்கு வெளியே நின்றாள்.

"பொற்கொடி, கோவிச்சுக்கிறாத. மனுசன் என்னைக்கா இருந்தாலும் போறதுதான். ஆனா நாளு நச்சத்திரம்னு ஒண்ணு இருக்குல்ல. வர்ற வியாழக்கெழம அந்திக்கு, வெளக்கு வைக்கிற நேரத்துக்கு, அவிட்டம் பெறக்குது. அதுல உசுரு போனா ஆறு மாசம் அடைப்பு."

"அதுக்கு நான் என்ன மதினி செய்ய?"

"அடைப்புன்னா லேசுன்னு நெனச்சியா? பொணத்த வாசல் வழியாக் கொண்டு போகக்கூடாது, பின்செவத்த ஒடைக்கணும். உசுரு போன எடத்துல ஆறு மாசத்துக்கு அந்தியானா வெளக்கும் செம்புத் தண்ணியும் வைக்கணும். அதுவும் செத்தவுக வீட்டு ஆளுதான் வைக்கணும். ஒரு நாளு தப்புனாலும் அந்த எடத்துக்குச் சொந்தக்காரனத்தான் புடிக்கும். வேத்தாளு வாசப்படிய மிதிச்சா அவுக வீட்லயும் ஒரு சாவு விழுகும். எங்க மாமனார் அப்படிப் போய்த்தான் எங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் ராத்திரியில பதறி எந்திரிக்கிறாரு. அதனால வியாழக்கெழமைக்குள்ள எங்கயாச்சும் கொண்டு போயிரு, ஆத்தா."

எனக்குத் தலையோடு கால் எரிந்தது. "அதுக்கு முன்னாடி செத்துட்டா?" என்று கேட்டேன்.

"அது திருவோணம். நல்ல நாளு" என்றாள், ஏதோ கல்யாணத்துக்கு நாள் குறித்துக் கொடுப்பவள் போல. "காரியத்த முடிச்சுட்டு மூணாம் நாளு நீங்க கெளம்பிரலாம். அட்வான்சுல கழிக்காமத் தரச் சொல்றேன்."

அவள் போன பிறகு கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சு முட்டுகிறதோ என்று பதறித் திரும்பினால், அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா பொற்கொடி, அந்தம்மா சொன்னதக் கேட்டியா? அவிட்டத்துல செத்தா இந்த எடத்துல எவனும் கால் வைக்க மாட்டான். ஆறு மாசத்துக்கு வெளக்கு வைக்க நீ இங்க இருந்தாகணும். பாப்பாவுக்குப் பரிச்ச முடிஞ்சிரும்ல?"

"வாயக் கழுவுங்க" என்று கத்தினேன். "எவளோ வந்து ஒளறிட்டுப் போறா, அதப் புடிச்சுக்கிட்டு."

"நான் என்னத்த இதுவரைக்கும் ஒங்களுக்குச் சேத்து வச்சேன்? வியாழக்கெழம வரைக்கும் இழுத்துப் புடிச்சுர்றேன்" என்றார். அதற்குப் பிறகு தினமும் காலையில் கண் விழித்ததும், பவதாரணியிடம் இன்னைக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்பார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். நான் அவருக்குத் தெரியாமல் அடுப்பைப் பார்த்து அழுவேன். அப்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது.

வியாழக்கிழமை காலையில் கண்ணுச்சாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏல மையத்துக்குக் கிளம்பினார். வண்டியை எடுக்கிறதுக்கு முன்னால் எங்கள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பொற்கொடி, ஏலம் முடிஞ்சு சாயந்தரம் ஜீப்போட வர்றேன். அவிட்டம் பெறக்குறதுக்குள்ள ஆளத் தூக்கிரணும். பெரியாஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்டுர்றேன், அதோட என் சோலி முடிஞ்சுது. சாமான எல்லாம் மூட்டையாக் கட்டி வையி."

"ஆஸ்பத்திரியில வேணாம்னு அனுப்பிட்டாகண்ணே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று வண்டியை முறுக்கினார்.

நான் எதையும் கட்டவில்லை. மதியம் கஞ்சியில் பருக்கை இல்லாமல் வடித்து அவர் வாயில் ஸ்பூனால் விட்டேன். ஒன்று உள்ளே போனது, ஒன்று வழிந்தது. கண்ணைத் திறந்து, "பெறந்திருச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல. அந்திக்குத்தான்."

"சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி இல்லை என்றேன். என் கையைப் பிடித்திருந்தார், அதில் பிடி இருந்தது. வாயைத் துடைக்கத் துண்டை எடுத்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தால், கையில் பிடி இல்லை.

தகரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்திக்கு இன்னும் அரை நாள் கிடந்தது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இத்தனை நாள் பொறுத்தீர்கள், இன்னும் அரை நாள் பொறுக்க முடியாதா என்று அந்த நெஞ்சில் அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அப்புறம்தான் வயிற்றுக்குள்ளிருந்து அது கிளம்பியது. தொண்டைக்கு வந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் சாவை டாக்டர் வந்து சொல்வதில்லை. பொம்பளை போடுகிற சத்தம்தான் சொல்லும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் தெருவே எழுந்து வரும். எப்போது போனது என்று கேட்டால், இன்ன நேரத்தில் அவள் அழுதாள் என்பார்கள். அழுத நேரம்தான் செத்த நேரம். நான் இப்போது வாயைத் திறந்தால் அவர் திருவோணத்தில் செத்தவர். நல்ல நாள். மூன்றாம் நாள் நானும் பிள்ளையும் தெருவில். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் இன்னும் சாகவில்லை.

கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். கையை, காலை நேராக நீட்டினேன். கண்ணை மூடினேன். தாடையைக் கட்ட வேண்டுமே, கட்டினால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று யோசித்து, குளிருக்குக் கட்டுவதுபோல் தலையோடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டேன். கழுத்துவரை போர்வை. பிறகு கட்டிலுக்குக் கீழே என் இடத்தில் உட்கார்ந்து காய் பொறுக்க ஆரம்பித்தேன். வாய் பேசிக்கொண்டிருந்தது. "இன்னும் ரெண்டு வாய் குடிங்க. ஏன் துப்புறீக?" என்று வாசலுக்குக் கேட்கிற மாதிரி பேசினேன். சந்திரவல்லி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் பேசினேன்.

ரோஜா மத்தியானக் காய் வாங்கிக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே வந்தாள். "மாமா என்ன சொல்றாரு?" என்று சாக்கை இறக்கியவள் கட்டிலைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். போர்வை ஏறி இறங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் காயைப் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது. அதைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே போனாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். முறத்தை எடுத்து வந்து எங்கள் படியிலேயே குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"இப்பத்தான் மாமாவுக்குக் கண்ணு அசந்திருக்கு. யாரும் இந்தப் பக்கம் வந்து சத்தம் போடாதீக" என்று காம்பவுண்டுக்கே கேட்கக் கத்தினாள். சொந்த பந்தம் என்று எனக்கு வேறு யாரும் வேண்டாம்.

பள்ளிக்கூடம் விட்டுப் பவதாரணி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே அவளை உள்ளே இழுத்து வாயைப் பொத்தினேன். "ஆத்தா, அப்பா போயிட்டாக. அழுகக் கூடாது. அந்தி வரைக்கும் அழுகக் கூடாது. அழுதா இந்த வீடு போயிரும்" என்று காதில் சொன்னேன். என் உள்ளங்கையைக் கடித்தாள். கடிக்கட்டும் என்று விட்டேன். பதினேழு வயதுப் பிள்ளையிடம், அப்பன் செத்ததற்கு அழாதே என்று சொல்ல வைத்தார்களே, அவர்களை நான் எந்த ஜென்மத்தில் மன்னிப்பேன்?

அவள் கொஞ்ச நேரம் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். தினமும் சாயங்காலம் அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிப்பாள். அவருக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அன்றைக்கும் படித்தாள். வேதியியல் பாடம். பாராவுக்குப் பாரா நிறுத்தி, அந்த "ம்"முக்கு இடம் விட்டுப் படித்தாள்.

பொழுது சாயும்போது ஜீப் சத்தம் கேட்டது. கண்ணுச்சாமியோடு இரண்டு லோடுமேன்கள். ஓட்டி வந்தது சுருளி. நான் மலைக்குப் போகும்போது ஏறிப் போகிற ஜீப்புக்காரன்தான்.

"என்ன, மூட்டையக் கட்டலையா? வெரசா ஆகட்டும். தூக்குங்கடா" என்றார் கண்ணுச்சாமி.

ரோஜா படியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் நிலைப்படியில் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றேன். உள்ளே பிள்ளை படிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருத்தன் கை அந்தக் காலில் பட்டால் போதும், எல்லாம் முடிந்தது.

"தூக்குங்கண்ணே, நான் தடுக்கல" என்றேன். "மூச்சு ஊசலாடிக்கிட்டு இருக்கு. கட்டில அசைச்சா ஜீப்புல போகயிலயே போயிரும். அதுக்குள்ள அவிட்டம் பெறந்துரும். சுருளி, ஒன் வண்டியில போனாப் பரவாயில்லையாப்பா?"

சுருளி சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். "அண்ணே, நீங்க ஆஸ்பத்திரி கேசுன்னுதான சொன்னீக? அடைப்புச் சாவு என் வண்டியில விழுந்தா நாளைக்கு எவ ஏறி மலைக்கு வருவா? எனக்கு வண்டிக்குத் தவணை இருக்குண்ணே. வேற வண்டி பாத்துக்கங்க."

"ஏலே, வாடகை கூடத் தர்றேன்டா."

"நீங்க ஒங்க கார்ல ஏத்துங்களேன்?" என்றான் சுருளி.

கண்ணுச்சாமி மாடி வீட்டு ஓரத்தில் நின்ற தன் காரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பயத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த நிலையிலும். ஊருக்கே அதட்டல் போடுகிற ஆள், செத்தவனுக்கு அவ்வளவு பயப்படுகிறார். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு துளி பயப்பட்டிருக்கலாம். லோடுமேன்கள் ஆளுக்கொரு அடி பின்னால் போனார்கள். கண்ணுச்சாமி சுருளியைத் திட்ட, சுருளி பதிலுக்குக் கத்த, தெரு விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. மாடி வீட்டில் சந்திரவல்லி மணி அடித்து விளக்கு ஏற்றுகிற சத்தம் கேட்டது.

ரோஜா முறத்தைக் கீழே வைத்தாள். பவதாரணி படிப்பதை நிறுத்தினாள்.

நான் உள்ளே போய் அவர் தலைமாட்டில் நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தேன். அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் போனது என்றார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குளிப்பாட்ட வந்த கிழவி ஒருத்தி, "கையி இப்படி வெறச்சிருக்கே" என்றாள். "நோயில கெடந்த ஒடம்பு, வேற எப்படி இருக்கும்? தண்ணிய ஊத்து" என்று ரோஜா அதட்டிவிட்டாள். மழைக்கு ஒழுகுகிற பின்சுவரைப் பூசித் தரச் சொல்லி நாலு வருடம் கெஞ்சியிருக்கிறேன். அசையாத கண்ணுச்சாமி, மறுநாள் காலையில் தானே கொத்தனாரைக் கூட்டி வந்து அதே சுவரை இடித்து வழி விட்டார். அந்த ஓட்டை வழியாக என் புருஷன் மகாராஜன் மாதிரியே போனார், தனக்கென்று ஒரு வாசலோடு.

மூன்றாம் நாள், அந்த ஓட்டையை அடைத்துப் பூசியானதும், கண்ணுச்சாமி பெரிய பூட்டோடு வந்தார். வாசலுக்கு நாலடி தள்ளி நின்றார். பக்கத்தில் சந்திரவல்லி.

"பொற்கொடி, ஆனது ஆச்சு. இந்த அறையப் பூட்டி வைக்கப் போறேன். நீங்க கெளம்புங்க."

"பூட்டிக்கங்கண்ணே" என்றேன். "அந்திக்கு வெளக்கு யாரு வைப்பா? செத்தவுக வீட்டு ஆளுதான் வைக்கணும்னு மதினி சொன்னாகளே. ஒரு நாளு தப்புனா எடத்துக்குச் சொந்தக்காரனப் புடிக்கும்னும் சொன்னாக. நான் வேற ஊருக்குப் போயிட்டா தெனமும் வந்து போக முடியுமா?"

சந்திரவல்லி புருஷனின் கையைப் பிடித்து ஓர் அடி பின்னால் இழுத்தாள்.

"இல்ல, சாமானத் தூக்கி வெளிய போட்டாத்தான் ஆச்சுன்னா போடுங்க. நான் கைய நீட்டித் தடுக்க மாட்டேன்." கதவை விரியத் திறந்து ஒதுங்கி நின்றேன். கட்டில் கிடந்த இடத்தில் விளக்கும் செம்பும் இருந்தன. "வாங்கண்ணே. உள்ள வாங்க."

அவர் வாசற்படியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். வரவில்லை. திரும்பிப் போய்விட்டார். அன்று மாலையே பீஸ் கட்டையை மாட்ட ஆள் வந்தது. இருட்டில் ஆவி அலையக்கூடாதாம். அடைப்புக்குப் பக்கத்தில் சரக்கு வைக்க மாட்டேன் என்று கிடங்கு கேட்ட வியாபாரி போய்விட்டான். ரோஜாவின் அறையும் பிழைத்தது.

இப்போது பவதாரணி விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறாள். விளக்குக்கு எண்ணெய் மாடி வீட்டிலிருந்து வருகிறது. தினமும் அந்தியில் கண்ணுச்சாமி குழாயடி வரைக்கும் வந்து நின்று, "வெளக்கு வச்சாச்சா, பொற்கொடி?" என்று கேட்கிறார். "வச்சாச்சுண்ணே" என்கிறேன். ஆறு மாதம் முடிந்த மறுநாள் பூட்டோடு வருவார், தெரியும். வரட்டும், அன்றைக்கு அவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. அன்று அந்தியில் நான் போட்ட சத்தம் வீட்டுக்காகப் போட்டது. என் புருஷனுக்கு அழ வேண்டியது மத்தியானமே தொண்டைக்கு வந்தது, அதை நான் விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், வரமாட்டேன் என்கிறது. வீட்டை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அந்த அழுகையை எவனிடம் போய்க் கேட்பது?